கறுப்பு எங்கே போய்விடப் போகிறது?

மணி விற்கும் கடையொன்றில் ஊசியக்காளும் ஒரு நூலும் மாலை கோத்துக்கொண்டிருந்தார்கள். பெட்டியில் கறுப்பு மணிகள் குவிந்து கிடந்தன. வெள்ளை கொஞ்சம், சிவப்பு அதைவிடக் கொஞ்சம். எல்லாவற்றையும் கோத்தாக வேண்டும். ஆனால் ஒரே நிறம் மூன்று அடுத்தடுத்து வந்துவிட்டால், கடைக்கார அம்மாள் மொத்தத்தையும் உருவிப் போட்டுவிடுவாள்.

ஊசியக்காள் ஆசை ஆசையாகச் சிவப்பையும் வெள்ளையையும் மாற்றி மாற்றிக் கோப்பாள். "கறுப்பு எங்கே போய்விடப் போகுது? அப்புறம் பாத்துக்கலாம்" என்பாள். கடைசியில் பெட்டியில் கறுப்பு மட்டும் மிஞ்சும். அம்மாள் வந்து உருவுவாள். உருவி உருவி நூலுக்கு உடம்பெல்லாம் பிசிர்.

"அக்கா, இன்னொரு தடவை உருவினா நான் அறுந்துடுவேன்" என்றது நூல். "பெரிசா ஒண்ணும் யோசிக்க வேணாம். எப்பவும் எந்தக் குவியல் பெரிசோ, அதிலிருந்து எடு. கடைசியா கோத்த ரெண்டு மணியும் அதே நிறமா இருந்தா மட்டும், அடுத்த பெரிய குவியலுக்குப் போ."

ஊசியக்காள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் கோத்தாள். ஆனாலும் பெட்டி காலியானது. எங்கும் மூன்று சேரவில்லை. நூல் முடிச்சுப் போட்டுக்கொண்டு ஆணியில் தொங்கியது. அப்பாடா என்றிருந்தது அதற்கு.

கீழே புதுப் பெட்டி வந்தது, புது நூலும் வந்தது.

"பயப்படாதே, எனக்கு இதெல்லாம் அத்துப்படி" என்று புது நூலிடம் சொல்லிக்கொண்டே, கறுப்புக் குவியலை ஒதுக்கித் தள்ளிவிட்டு, ஊசியக்காள் பளபளவென்று ஒரு சிவப்பு மணியை எடுத்தாள்.

ஆணியில் தொங்கிய நூல் மெல்லச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டது.