சீர்த் தட்டில் விசிறி

“எங்க வூட்ல கரண்டு இருக்குது சம்பந்தி. பிரிட்ஜ் வைப்பீங்கன்னு பாத்தா விசிறிய நீட்டுறீங்களே!”

மாப்பிள்ளையின் தாய் சின்னப்பாப்பா இப்படிச் சொன்னதும், நிச்சயதார்த்தத்துக்கு வந்திருந்த முதலியார்பேட்டைக் கூட்டம் கொல்லென்று சிரித்தது. சீர்த் தட்டில் பழங்களுக்கு நடுவே, கண்ணாடிப் பெட்டிக்குள் அந்த மடக்கு விசிறி விரிந்து கிடந்தது.

பெண்ணின் தாய் அமுதவல்லி அசரவில்லை. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை! புதுச்சேரி உப்பளம் பகுதியிலேயே பிரெஞ்சுக்காரர்களோடு ஒட்டிப் பழகியது தன் குடும்பம்தான் என்று அவளுக்கு ஒரு நினைப்பு. தாத்தா கவர்னர் மாளிகையில் குதிரைக்குப் புல் போட்டவர் என்பதை மட்டும் அவள் வெளியே சொல்வதில்லை.

“பிரான்சுல பெரிய வூட்டுப் பொம்பளைங்க புடிச்ச விசிறிங்க இது. பட்டுல கையால வரைஞ்ச படம். எங்கெங்கயோ தேடி வாங்கினேன்.”

“கலரே இல்லியே. கருப்பும் சாம்பலுமா இருக்குது?”

“பளபளன்னு கலர் அடிக்கறதெல்லாம் நம்ப ஊரு கேலண்டரு. அவங்க ரசனையே வேற.”

“படத்துல இருக்கிற இவ எதுக்குக் கல்லு ஜாடி மேல தலைய சாய்ச்சிக்கிட்டு நிக்குறா?”

“தண்ணிக்கு வந்தவ, புருஷன் வர வழிய பாத்துக்கிட்டு நிக்குறா. இதெல்லாம் நாலு எழுத்து படிச்சிருந்தாதான் புரியும்.”

சின்னப்பாப்பாவுக்குச் சுருக்கென்று தைத்தது. “அப்ப தட்டு மாத்த வேணாம். எழுந்திருடா ராஜவேலு!”

மணப்பெண் சரிதாவின் கண்கள் கலங்கிவிட்டன. அமுதவல்லி பதறாமல் கையை உயர்த்தினாள். “கொஞ்சம் இருங்க. மதாம் வந்துட்டாங்க. அவங்க வாயாலயே கேட்டுக்குங்க.”

மதாம் கொலெத் புதுச்சேரியிலேயே தங்கிவிட்ட பிரெஞ்சுக்காரி. தமிழ் நன்றாகப் பேசுவார், பழைய விசிறிகளைச் சேர்த்து வைப்பவர். செருப்பைக் கழற்றியவரை அமுதவல்லி அப்படியே தட்டின் பக்கம் இழுத்து வந்தாள்.

மதாம் குனிந்து பார்த்தார். “ஒரிஜினல்! இருநூறு வருஷம் இருக்கும். இவ்வளவு நல்ல நிலையில நான் பார்த்ததே இல்லை.”

சிரித்த கூட்டம் தட்டை எட்டிப் பார்த்தது. அமுதவல்லி சம்பந்தியை ஏற இறங்கப் பார்த்தாள்.

சின்னப்பாப்பா அவமானத்தை விழுங்கிக்கொண்டாள். பெட்டியைத் திறந்து, விசிறியை எடுத்து, வருங்கால மருமகளின் கையில் தானே கொடுத்தாள்.

“தெரியாம பேசிட்டேங்க மதாம். உங்க ஊர்ல இத எப்ப புடிப்பாங்க, கல்யாணத்துலயா?”

மதாம் சரிதாவையும், பக்கத்தில் நின்ற மாப்பிள்ளை ராஜவேலுவையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இல்லைம்மா, புருஷன் செத்தப்புறம்.”