யார் கேட்ட நம்பர்?

"இது என்னங்க, வண்டி நம்பருக்குன்னு தனியா பன்னிரண்டாயிரம் போட்டிருக்கு?"

ராஜபாளையம் கார் ஷோரூமில் பில்லைப் பார்த்த வேதமணி கணவர் ஜெபதுரையிடம் கேட்டாள். அவர் சட்டென்று, புதுக் காரின் சாவியோடு நின்ற விற்பனைப் பெண் பொன்மணியின் பக்கம் திரும்பினார்.

"யாரைக் கேட்டும்மா போட்டே? நாங்க வேதக்காரங்க. ராசி நம்பர், நல்ல நேரமெல்லாம் எங்களுக்குக் கிடையாது. ஸ்ரீவில்லிபுத்தூர்ல வந்து கேளு, சபைக்கே நான்தான் மூப்பர்!"

பொன்மணி வாயைத் திறந்தாள். வேதமணியைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

சத்தம் கேட்டு மேனேஜர் ஓடி வந்தார். "கஸ்டமரைக் கேக்காம ஏம்மா நம்பர் எடுத்தே?"

"தப்பு என் மேலதான் சார்."

"பில்லுலருந்து எடுத்துருதோம் சார். இவ இன்சென்டிவ்ல பிடிச்சுக்கிடுதேன்."

"அப்படிச் சொல்லுங்க" என்ற வேதமணி, ஜெயித்த முகத்தோடு காரில் ஏறிக்கொண்டாள்.

சாவியைக் கொடுக்கும்போது பொன்மணி குரலைத் தாழ்த்தினாள். "நீங்க போன்ல சொன்னபடியே, கூட்டினா எட்டு வராத நம்பராப் பாத்து எடுத்திருக்கேன் சார். அம்மாவுக்குத் தெரியாம பில்லுல மறைக்கத்தான் முடியல. மன்னிச்சிருங்க."

சட்டைப் பைக்குப் போன ஜெபதுரையின் கை, "வாங்க" என்ற மனைவியின் குரலில் பாதியிலேயே நின்றது.

காருக்குள் வேதமணி முக்காடு போட்டு, கண்ணை மூடியிருந்தாள்.

"ஜெபம் பண்ணிட்டு வண்டிய எடுங்க. அந்தப் பிள்ளைக்குக் கர்த்தர் நல்ல புத்தி குடுக்கணும்னும் சேத்துச் சொல்லுங்க."