வலைக்கு வெளியே

அருளப்பனுக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்த அன்றே பிலோமினா தம்பியின் கட்டிலுக்குக் கொசுவலை வாங்கிக் கட்டினாள். அவனைக் கடித்த கொசு தன் பிள்ளைகளையும் வந்து கடித்துவிடுமே என்ற பயம்தான். அதை வாய்விட்டுச் சொல்ல முடியுமா? "கொசுக்கடியில நீ தூங்கமாட்டேடா" என்றாள்.

"ராஜா கட்டிலாட்டம் இருக்குக்கா" என்று சிரித்தான். அன்று முதல் பொழுது சாய்ந்ததும் தானாகவே உள்ளே போய், வலையின் ஓரங்களை மெத்தைக்கடியில் செருகிக்கொள்வான். பிள்ளைகள் கதை கேட்க வந்தால் வெளியே உட்காரச் சொல்லுவான். காலையில் உள்ளே இருந்த கொசுக்களை அடித்துவிட்டு, "ஒன்னுகூட வெளிய போகலக்கா" என்பான்.

நோய் முற்றிய பிறகுதான் மருந்தே தொடங்கியது. எட்டு மாதத்தில் போய்விட்டான்.

மிச்ச மாத்திரைகளைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அவள் நர்ஸிடம் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "கொசு கடிச்சா பிள்ளைங்களுக்கு வந்துருமா சிஸ்டர்?"

"கொசுவால இது பரவாதும்மா. அதுக்குள்ள அந்தக் கிருமி பிழைக்காது. மொத நாளே உங்க தம்பியும் இதத்தான் கேட்டாரு. விளக்கமா சொல்லி அனுப்பினேனே, வீட்ல சொல்லலியா?"

வீட்டில் வலை இன்னும் அவிழ்க்கப்படாமல் தொங்கியது. பிலோமினா உள்ளே போய்ப் படுத்து, ஓரங்களைச் செருகிக்கொண்டாள். சின்னவள் வந்து வழக்கம்போல் வெளியே உட்கார்ந்தாள்.

"அம்மா, ஒங் கையில கொசும்மா. அடி."

பிலோமினா கையை அசைக்கவில்லை.