இன்றைய பகுதி மட்டும்

"ரிமோட்டு கையில இருக்கா?" மருத்துவமனைக் கட்டிலிலிருந்து தையல்நாயகி போனில் கேட்டாள்.

"இருக்கு," என்றார் அவள் கணவர் பொன்னுரங்கம். மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தவர், டிவி முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"எட்டரை மணி சீரியலுக்குப் போய்ச் சிவப்புப் பட்டனை அமுக்குங்க. கடிக்காது, தைரியமா அமுக்குங்க. ராத்திரி நீங்க இங்க இருப்பீங்க. காலையில குளிக்கப் போறப்ப பாத்துட்டு வந்து எனக்குக் கதையைச் சொல்லுங்க."

"அமுக்கிட்டேன். பெட்டி என்னமோ கேக்குது. இந்தப் பகுதி மட்டும் பதிவு பண்ணணுமா, எல்லாப் பகுதியுமான்னு."



"இன்னைக்குள்ளது போதும்."

"ஏண்டி? எல்லாத்தையும் போட்டு வச்சா, நீ வந்தப்புறம் உக்காந்து பாக்கலாம்ல?"

"டாக்டர் உங்களைத் தனியா கூப்பிட்டு என்ன சொன்னாரு?"

"புண்ணு ஆறிடும்னாரு. அன்னைக்கே சொன்னேனே."

"சொன்னீங்க. அப்புறம் எதுக்கு என் அண்ணியை வரச் சொன்னீங்க? இத்தனை வருசமா என் முகத்துல முழிக்காதவ, இன்னைக்கு ஆப்பிளோட வந்து என் காலைப் பிடிச்சுக்கிட்டு அழறா. நானே அவளுக்குச் சமாதானம் சொல்லி அனுப்ப வேண்டியதாப் போச்சு."

பொன்னுரங்கம் ரிமோட்டை வேட்டியில் துடைத்தார்.

"சரி, விடுங்க. முதல்ல உள்ளதை அமுக்குங்க. அமுக்கிட்டீங்களா?"

"ம், ஆச்சு," என்றார்.

திரையில் அந்தக் கேள்வி அப்படியே நின்றுகொண்டிருந்தது.