ஆறுதல் பேராசிரியை

மங்கையர்க்கரசி நுண்ணுயிரியலில் முனைவர் பட்டம் வாங்கியவள். ஆனால் திருப்பூர்க் கல்லூரி ஒன்றில் அவளுக்குக் கிடைத்தது ஆறுதல் சொல்லும் வேலை. மாணவர்களின் ஆராய்ச்சிக்கு வழிகாட்டச் செயற்கை நுண்ணறிவு இயந்திரம் இருந்தது. பரிசோதனை சொதப்பினால் தோளில் தட்டிக்கொடுக்க மட்டும் மனிதர் வேண்டும் என்பது விதி.

சாயக்கழிவைத் தின்னும் பாக்டீரியாவை வளர்த்துவந்த மூன்று மாணவிகள் ஒரு நாள் அழுதபடி வந்தார்கள். தட்டுகளில் வளர்த்த அத்தனையும் செத்துவிட்டன.

“வருத்தப்படாதீங்க கண்ணு, அடுத்த தடவை நல்லா வரும்” என்றாள் மங்கையர்க்கரசி.

“மிஷினும் இதத்தானுங்க மேடம் சொல்லுது” என்றாள் மூவரில் ஒருத்தியான இர்ஃபானா. “ஏன் செத்துச்சுன்னு கேட்டா, அதுவே சரி பண்ணிக்குமாம், எங்களை ரெஸ்ட் எடுக்கச் சொல்லுது. உங்களுக்குத் தெரியுங்களா?”

“தெரியலையே. வாங்க, மைக்ராஸ்கோப்புல பாப்போம்.”

நால்வரும் சாப்பாட்டை மறந்து மாலைவரை விவாதித்தார்கள். காரணம் பிடிபடவில்லை. ஆனாலும் மாணவிகள் சிரித்தபடி வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாள் மங்கையர்க்கரசிக்கு வேலை போயிற்று. ‘தெரியலையே’ என்று சொன்னது மாணவர்களின் மனநலத்துக்குக் கேடாம். அவள் இடத்துக்கு ஒரு சீரியல் நடிகை வந்தார். அவர் மிக அருமையாகக் கண்கலங்கினார்.

சனிக்கிழமை காலை மூன்று மாணவிகளும் சாயத்தண்ணீர் பாட்டில்களோடு மங்கையர்க்கரசியின் வீட்டு வாசலில் நின்றார்கள். பாட்டில்களை வைக்க அவள் உடனே ஃபிரிட்ஜைக் காலி செய்தாள். கணவர் சிவநேசன் இட்லி மாவுப் பாத்திரத்தை ஏந்திக்கொண்டு திகைத்தார்.

“மாவு புளிச்சுப்போயிருமே, இதைய எங்க வெக்கறது?”

“இப்பவே ஊத்தீருங்க. புள்ளைங்க பசியோட வந்திருக்குதுக.”