நூல்ல வராத கச்சேரி

தொண்டைய உப்பவெச்சு, கண்ண மூடி, மொத வரிய எடுத்துவிட்ட தவளை பூபாலன் கண்ணத் தொறந்து பாத்தா, குளத்தங்கரையில ஒரு ஈ காக்கா இல்ல. தாளம் போடுற சில்வண்டுகூட வரல. குளம் வேற வத்திட்டே வருது, இத விட்டா அவனுக்குக் கச்சேரியே கெடையாது.

நேரா சிலந்திகிட்ட தாவினான். காட்டுல எல்லாச் சேதியும் எல்லாப் பாட்டும் அவ நூல் வழியாத்தான் போகும். நூல்மேல கால வெச்சா போதும், அதிர்வுலயே கேட்டுரும்.

"அக்கா, கச்சேரி சேதி குடுத்தேனே, போகலையா?"

"போயிட்டேதான் இருக்கு தம்பி. உன்னோடது மெதுவாத்தான் போகும்."

"குயில் பாட்டு மட்டும் உடனே போகுது?"

"அது நான் நடத்துற கச்சேரிப்பா. என் நூலு, என் குயிலு."

"அப்ப என் சேதி எப்பதான் போய்ச் சேரும்?"

"குளம் வத்தினதும் சேர்ந்துரும்."

பூபாலன் மரம் மரமாப் போய்த் தொண்டை கிழியக் கூப்பிட்டான். எல்லாரும் நூல்மேல கால வெச்சு சொக்கிப்போய் உக்காந்திருந்தாங்க.

"சும்மா இருய்யா, பாட்டு கேக்குறோம்ல," ன்னு அணில் சீறிச்சு.

கடைசி மரத்துல சில்வண்டு. அதோட காலும் நூல்மேலதான்.

"டேய், நீ ஏண்டா வரல? உங்கிட்ட நேர்லயே சொன்னேனே?"

"சொன்னடா மாப்ள. ஆனா நூல்ல வரலையே, சரி, கச்சேரி ரத்தாயிடுச்சு போலன்னு நெனச்சேன்."

பூபாலன் திரும்பி, ஒத்தையா குளத்தப் பாத்துத் தாவினான்.

ஏங்க, உங்க ஊர்லயும் இப்படி ஆயிருக்கா?