முன் சீட்டுக்காரர்

“இதுக்குப் பேரு அருவியா? எங்க வீட்டுக் குழாயைத் திறந்து விட்டா இதைவிட நல்லா கொட்டும்!”

முன் சீட்டுக்காரர் இப்படிச் சொன்னபோது, வேனிலிருந்து இறங்கிய மற்றவர்கள் இன்னும் அருவியைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. பார்த்த பிறகு, அவர் சொன்னதில் பெரிய தப்பில்லை என்றுதான் தோன்றியது. மழை ஏமாற்றிய வருஷம். பாறையின் ஓரமாக, வேண்டா வெறுப்பாகத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

“மழை பெய்ஞ்சா இந்தப் பாறையே கண்ணுக்குத் தெரியாதுங்கய்யா” என்றாள் வழிகாட்டிப் பெண்.

“அப்போ மழை பெய்ஞ்சப்புறம் கூட்டிட்டு வந்திருக்கலாமே? பாறையைப் பார்க்கவா வந்தோம்?”

அவள் முகம் வாடிவிட்டது. தீவைச் சுற்றிக் காட்டும் அந்த வேலையில் அவளுக்கு இதுவே கடைசி நாளாகவும் இருக்கலாம். சில நாட்களாகவே, பயணம் முடிந்து இறங்குகிற யாராவது ஒருவர் மேனேஜரிடம் அருவியைப் பற்றிப் புலம்பிவிட்டுப் போகிறார். “அருவிக்கு நான் என்ன சார் பண்ணுவேன்?” என்று கேட்டும் பார்த்துவிட்டாள். “அதெல்லாம் எனக்குத் தெரியாது. நாளைக்கும் யாராவது முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டு இறங்கினா, வேற ஆளைப் பார்த்துக்கிறேன்” என்று நேற்று மாலை சொல்லிவிட்டார் மேனேஜர்.

பின் சீட்டுப் புதுமாப்பிள்ளை, “இவ்வளவுதானா?” என்று மனைவியிடம் சொல்ல வாயெடுத்தவன், அப்படியே விழுங்கிக்கொண்டான். இந்த மனிதரோடு சேர்ந்துகொள்ள அவனுக்கு மனசு வரவில்லை.

“ஏன் சார், பாறையும் அழகாத்தானே இருக்கு?” என்றான்.

அடுத்தது குகை. வழுக்கலான படிகள்.

“ஐயா, உங்களுக்கு இடது முட்டி சரியில்லை. கைப்பிடியைப் பிடிச்சுட்டு மெதுவா இறங்குங்க” என்று முன் சீட்டுக்காரரிடம் சொன்னாள் வழிகாட்டிப் பெண்.

பயணிகளில் ஒரு டீச்சர் அம்மாள் இருந்தார். “நடையைப் பார்த்தே முட்டி வலியைக் கண்டுபிடிச்சிருக்கு பாருங்க. இந்தப் பொண்ணையா இவர் இந்தப் பாடு படுத்துறார்?” என்று பக்கத்தில் இருந்தவரிடம் ஆதங்கப்பட்டார்.

முன் சீட்டுக்காரர் குகைக்குள் நுழைந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“நாறுதே! இத்தனை வௌவாலை உள்ளே விட்டிருக்கீங்களே, யாரும் பெருக்கறதில்லையா?”

“இது இயற்கையா உருவானதுங்கய்யா. ஆயிரக்கணக்கான வருஷமா இப்படியேதான் இருக்கு.”

“அத்தனை வருஷத்துல ஒருத்தனுக்குக்கூட ஒரு லைட்டு போடத் தோணலையா?”

கடற்கரையில் பாறைத் துளை வழியாக அலை பீறிட்டு அடிக்கும் இடத்துக்குப் போனார்கள். தண்ணீர் தென்னை உயரத்துக்குக் கிளம்பியது. முன் சீட்டுக்காரரின் சட்டை நனைந்தது. “இதுக்குத் துவைச்ச சட்டை போட்டுட்டு வந்தேன் பாரு, என்னைச் சொல்லணும்” என்றார். அவருக்குக் கேட்கட்டும் என்றே மற்றவர்கள் பலமாகக் கை தட்டினார்கள். அடுத்த அலை சுமாராகத்தான் வந்தது. அதற்கும் தட்டினார்கள்.

கடைசியில் சூரியன் மறைவதைப் பார்க்கக் குன்றின் மேல் ஏறினார்கள். அன்றைக்கென்று பார்த்து மேகம் மூடியிருந்தது.

“சூரியன் எங்கேம்மா?”

“மேகத்துக்குப் பின்னாடி இருக்குங்கய்யா.”

“பின்னாடி இருக்கிறதைப் பார்க்கிறதுக்கா இவ்வளவு உசரம் ஏத்தினே?”

டீச்சர் அம்மாளுக்குப் பொறுக்கவில்லை. “சூரியன் என்ன சார் அந்தப் பொண்ணு இடுப்புலயா இருக்கு, எடுத்துக் காட்ட? காலையிலேருந்து பார்க்கிறேன், வாயைத் திறந்தா நொட்டைதான். கொஞ்சம் சும்மா வாங்க!”

மொத்தக் கூட்டமும் டீச்சர் பக்கம். முன் சீட்டுக்காரர் மட்டும் சளைக்கவில்லை. திரும்புகிற வழியில் சீட்டு, ஜன்னல், டிரைவர் மிதித்த பிரேக் என்று ஒன்றையும் விட்டு வைக்காமல், கடைத்தெரு முனை வந்ததும், “இங்கேயே இறக்கி விடுங்கப்பா. மிச்ச தூரத்துக்கு என் இடுப்பு தாங்காது” என்று இறங்கிப் போனார். வேனே பெருமூச்சு விட்டது.

அலுவலக வாசலில் மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். டீச்சர் அம்மாள்தான் முதலில் இறங்கினார்.

“இந்த மாதிரி ஒரு தங்கமான பொண்ணை நான் பார்த்ததில்லை சார். பொறுமைன்னா அப்படி ஒரு பொறுமை!”

“அருவி எப்படி இருந்துச்சு?” என்று தயங்கித் தயங்கிக் கேட்டார் மேனேஜர்.

“அருவிக்கு என்ன சார் குறைச்சல்?” என்று வரிந்து கட்டிக்கொண்டு வந்தான் புதுமாப்பிள்ளை. “பாறை தெரியுற மாதிரி விழுறதுதான் சார் அதுக்கு அழகே!”

இறங்கிய ஒவ்வொருவரும் ஆளுக்கொரு வார்த்தை புகழ்ந்துவிட்டுப் போனார்கள். ஒருவர் வௌவால்களைக்கூடப் பாராட்டினார். மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“சரிம்மா. நாளைக்கும் நீயே போ.”

கடைத்தெரு முனையில் பஸ்ஸை விட்டு இறங்கி, சந்துக்குள் நடந்து அவள் வீட்டுக்கு வந்தபோது கதவு திறந்தே இருந்தது. முன்னறை நாற்காலியில் உட்கார்ந்து இடது முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார் முன் சீட்டுக்காரர்.

“என்னம்மா சொன்னான் உன் மேனேஜர்?”

“வேலை நிலைச்சிடுச்சு மாமா!” அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. “மருமக கேட்டாளேன்னு, வலிக்கிற காலோட வந்து எனக்காக எவ்வளவு தத்ரூபமா நடிச்சீங்க!”

மாமனார் தைலத்தை மூடி வைத்துவிட்டு அவளை விசித்திரமாகப் பார்த்தார்.

“நடிக்கணும்னுதாம்மா கிளம்பி வந்தேன். அந்த அருவியைப் பார்த்தப்புறம் அதுக்கு எங்கே அவசியம் வந்துச்சு?”